கேஸா, இண்டக்‌ஷனா? முதலில் கரண்டு பில்லை எடுங்கள்

சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை கிளம்பும். "இண்டக்‌ஷன் வாங்குங்க, பாதிச் செலவு மிச்சம்" என்பார் சித்தப்பா. "வாங்கினோம், கரண்டு பில் எகிறிடுச்சு, பரண் மேல தூக்கிப் போட்டாச்சு" என்பார் அண்ணி. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. சித்தப்பா வீட்டில் ஏ.சி. கிடையாது, இரண்டு மாதத்துக்கு இருநூற்றைம்பது யூனிட்டைத் தாண்டாது. அண்ணி வீட்டில் ஏ.சி. இரண்டு. அடுப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், மீட்டரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கு, 2025 விலை. உங்கள் ஊர் சிலிண்டர் விலை கொஞ்சம் முன்பின் இருக்கலாம், போடும் முறை ஒன்றுதான்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஆரம்பிக்கலாம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சுமார் 30 டிகிரி. அதைக் கொதிக்க வைக்கத் தேவையான சூடு எந்த அடுப்பானாலும் ஒன்றேதான், 0.08 யூனிட் அளவு. வழியில் எவ்வளவு சிந்துகிறது என்பதில்தான் வித்தியாசம். கேஸ் அடுப்பு குறைந்தது 68 சதவீதம் சூட்டைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஆனால் அது சோதனைக்கூடத்தில். நம் சமையலறையில் சின்னப் பாத்திரத்தின் இரண்டு பக்கமும் தீ நக்கிக்கொண்டு மேலே போகும், ஃபேன் காற்று வேறு. நான் 57 என்று வைத்துக்கொண்டேன். இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடியே சூடாவதால் 80க்கு மேல் தேறும்.

2025 ஏப்ரலில் ஐம்பது ரூபாய் ஏறிய பிறகு சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. கிலோ 61 ரூபாய். ஒரு லிட்டர் கொதிக்க 11 கிராம் சொச்சம் பிடிக்கும், அதாவது எழுபது காசு. இண்டக்‌ஷனில் அதே தண்ணீருக்கு 0.1 யூனிட். அது எத்தனை காசு? அங்கேதான் சித்தப்பாவும் அண்ணியும் பிரிகிறார்கள்.

நம் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும். 2025 நிலவரப்படி முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த நூறு யூனிட் தலா 2.35 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.70, 500 வரை 6.30. 500ஐத் தாண்டினால் 8.40, 600ஐத் தாண்டினால் 9.45, இப்படி மேலே போகும். அடுப்பால் கூடும் யூனிட் உங்கள் பில்லின் கடைசிப் படியில்தான் விழும். ஆக, அந்த ஒரு லிட்டர் தண்ணீர்:

கேஸில் 70 காசு
300 யூனிட் வீட்டு இண்டக்‌ஷனில் 47 காசு
450 யூனிட் வீட்டில் 63 காசு
550 யூனிட் வீட்டில் 84 காசு
700 யூனிட் வீட்டில் 95 காசு

ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் செய்ய ஏறக்குறைய 125 யூனிட் ஆகும். 868ஐ 125ஆல் வகுத்தால் ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே வரும். யூனிட் ஏழு ரூபாய்க்குள் கிடைக்கும்வரை இண்டக்‌ஷன், தாண்டினால் கேஸ். சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வருபவருக்கு நாற்பது ஐம்பது கொடுக்கும் வீடாக இருந்தால் அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரசீதில் இல்லாவிட்டாலும் அது கேஸ் செலவுதான்.

உஜ்வாலா (ஏழைக் குடும்பங்களுக்கான மத்திய அரசின் கேஸ் திட்டம்) இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. 2025 கணக்குப்படி சிலிண்டருக்கு 300 ரூபாய் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வருவதால் அவர்களுக்கு அது 570 ரூபாய்க்கும் கீழே. இருநூறு யூனிட்டைத் தாண்டாத வீடாக இருந்தால் ஒழிய அவர்கள் இண்டக்‌ஷன் பக்கமே போக வேண்டாம்.

அந்த 500 யூனிட் இருக்கிறதே, அது படி இல்லை, பள்ளம். 501வது யூனிட்டுக்கு 8.40 மட்டும்தான் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். 500ஐத் தாண்டிய நிமிடமே, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகையும் போய்விடும். நூறு யூனிட்டுக்கு 2.35 வீதம் 235 ரூபாய். 500க்கும் 501க்கும் நடுவில் கிட்டத்தட்ட 243 ரூபாய் வித்தியாசம்.

இதை வைத்து இரண்டு வீட்டைப் பார்ப்போம். இரண்டிலும் சிலிண்டர் 45 நாள் வருகிறது என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்குக் கேஸ் செலவு 1,158 ரூபாய். முழுச் சமையலையும் கரண்டுக்கு மாற்றினால் 167 யூனிட் கூடும்.

முதல் வீடு இப்போது 300 யூனிட், பில் 705 ரூபாய். முழுவதும் மாறினால் 467 யூனிட், பில் 1,597. கூடுதல் 892, மிச்சம் 266 ரூபாய். சரி, பாதிச் சமையலை மட்டும் மாற்றினால்? 83 யூனிட் கூடும், அதற்கு 390 ரூபாய். கேஸில் 579 மிச்சமாவதால் கையில் நிற்பது 189. பாதி மாற்றத்திலேயே லாபத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது. மீதிப் பாதிக்காகத் தோசைக்கல், வாணலி, இட்லிக் கொப்பரை எல்லாம் புதிதாக வாங்கிக் கூடுதலாகச் சம்பாதிப்பது 77 ரூபாய், அதுவும் இரண்டு மாதத்துக்கு. எனக்கு அது வேண்டாம்.

இரண்டாவது வீடு 420 யூனிட், பில் 1,301. பாதி மாற்றினால் 503 யூனிட், பில் 2,065. கேஸில் 579 மிச்சம், கரண்டில் 764 செலவு. 185 ரூபாய் நஷ்டம். இதே வீடு 499இல் நிறுத்தியிருந்தால் ஐம்பது ரூபாய் லாபத்தில் இருந்திருக்கும். நான்கு யூனிட்டில் கதையே மாறிவிட்டது. அண்ணி வீட்டில் நடந்தது இதுதான்.

பாதி மாற்றுவது என்றால் எந்தப் பாதி? தண்ணீர், பால், டீ, குக்கர், குழம்பு, ரசம் இதெல்லாம் இண்டக்‌ஷனுக்கு. தோசை, சப்பாத்தி, தாளிப்பு, கத்தரிக்காய் சுடுவது, அப்பளம் சுடுவது கேஸுக்கு. தோசையை இண்டக்‌ஷனில் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் ஒரு சாண் அகலம் கூட இருக்காது. நடுவில் முறுகிக் கருகும்போது ஓரம் வெள்ளையாகப் பச்சை மாவாக நிற்கும். கல்லை நகர்த்தி நகர்த்தி வைத்துச் சுட்டேன். நான்காவது தோசைக்கு என் பொறுமை போனது.

பாத்திரம் ஒத்துவருமா என்று பார்க்க ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் போதும். அடியில் ஒட்டினால் வேலை செய்யும். வெறும் அலுமினியம், பித்தளை, செம்பு, மண்சட்டி ஒட்டாது. எவர்சில்வரில் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. குக்கர் வாங்கும்போது இண்டக்‌ஷன் அடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது கேஸிலும் ஓடும். "எந்தப் பாத்திரமும் வைக்கலாம்" என்று கடைக்காரர் இன்ஃப்ராரெட் அடுப்பைக் காட்டுவார். வைக்கலாம்தான். ஆனால் அதில் முதலில் கம்பிச் சுருள் சூடாகி, அப்புறம் கண்ணாடி சூடாகி, அதற்கும் அப்புறம்தான் பாத்திரம். சிக்கனத்துக்காகத்தான் வாங்குகிறோம் என்றால் அது சரியான பொருள் இல்லை.

பிளக் விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2,000 வாட் அடுப்பை, மிக்சி மாட்டும் சின்ன பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஓட்டினேன். ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. எட்டாவது நாள் பால் காய்ச்சும்போது மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம். எங்கள் வீட்டில் மீன் கிடையாது. பாக்ஸைத் தொட்டால் கொதிக்கிறது, ஓட்டை ஒரு பக்கம் உருகி வளைந்திருந்தது. எலக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது ஆறு ஆம்பியர். கீசர் மாட்டுற பெரிய பிளக்ல போடணும். தனி ஒயர் இழுக்கணும்" என்றார். ஒயரும் கூலியும் அடுப்பு விலையில் பாதி ஆனது. சமையலறையில் 16 ஆம்பியர் பிளக் இல்லாத வீடு இந்தச் செலவையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இன்னொன்று, கரண்டு போனால் இண்டக்‌ஷன் வெறும் கண்ணாடிப் பலகை. பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்தடை வரும் நாளில் சமையல் நிற்கக் கூடாது என்றால் கேஸ் இணைப்பு இருந்தே ஆக வேண்டும். அதனாலும் இது ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுகிற விஷயம் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எந்த அடுப்பு என்பதைவிட மேலே என்ன பாத்திரம் என்பதில்தான் அதிகக் காசு இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதித்த பிறகு நீங்கள் எவ்வளவு தீ வைத்தாலும் 100 டிகிரிக்கு மேல் போகாது. அதிகத் தீ அதிக ஆவியாகும், அவ்வளவுதான். குக்கரில் 120 டிகிரி வரை ஏறும், அதனால்தான் பருப்பு சீக்கிரம் குழைகிறது. விசில் அடிப்பது வேண்டாத ஆவி வெளியே போவது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்தால் அடுத்த விசில் தாமதமாகும், ஆனால் உள்ளே சூடு அப்படியேதான் இருக்கும். "மூணு விசில்" என்று எண்ணிச் சமைத்துப் பழகிய எங்கள் அம்மாவை இதற்குச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆனது. இப்போது ஒரு விசில், அப்புறம் சிம்மில் ஏழு நிமிடம். துவரம்பருப்பை அரை மணி ஊறப் போட்டால் இன்னும் குறைவு. கீழே பருப்பு, மேல் தட்டில் சாதம், அதற்கும் மேலே உருளைக்கிழங்கு என்று அடுக்கினால் ஒரே தீயில் மூன்று வேலை.

குக்கர் சாதம் பிடிக்காது, வடித்த சாதம்தான் வேண்டும் என்கிற வீட்டுக்குத் தெர்மல் குக்கர் இருக்கிறது. கரண்டு இல்லை, பட்டன் இல்லை, சூடு வெளியே போகாத ஒரு டப்பா, உள்ளே ஒரு எவர்சில்வர் பானை. புழுங்கல் அரிசியைக் களைந்து போட்டுக் கொதி வந்த பின் பத்து நிமிடம் அடுப்பில் வைக்க வேண்டும். அப்படியே பானையைத் தூக்கி டப்பாவுக்குள் வைத்து மூட வேண்டும். குளித்து, பிள்ளைகளைக் கிளப்பி, முக்கால் மணி கழித்து எடுத்து வடித்தால் பொலபொலவென்று இருக்கும். பச்சரிசி என்றால் அவ்வளவு நேரம் விடக் கூடாது, களியாகிவிடும். தினமும் இருபது நிமிடத் தீ மிச்சம். நடுத்தரத் தீயில் அது சுமார் நாற்பது கிராம் கேஸ், வருடத்துக்குப் பதினான்கு கிலோவைத் தாண்டுகிறது. ஒரு முழு சிலிண்டர். மேலே பார்த்த 189 ரூபாயை ஆறால் பெருக்கினால் வருடத்துக்கு 1,134. அதில் முக்கால் பங்கு லாபம் இதிலேயே வந்துவிடுகிறது, பிளக்கும் வேண்டாம், 500 யூனிட் பயமும் வேண்டாம்.

எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். 700 வாட், அரை மணி, 0.35 யூனிட். சின்ன பிளக்கே போதும். தனியாக அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் வாங்கிக் கொடுப்பேன். அந்த மாதிரி அறையில் கரண்டு பெரும்பாலும் முதல் இருநூறு யூனிட்டுக்குள் அடங்கிவிடும். வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்கினால் அந்தக் கணக்கும் கவிழும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது எப்படி ஓடுகிறது? ஐப்பசியில் இருந்து மாசி வரை இண்டக்‌ஷன் மேடையில் இருக்கும். பங்குனி பிறந்து ஏ.சி. ஓட ஆரம்பித்ததும் அது பரணுக்குப் போகும், கேஸ் மட்டும். நடுவில் சந்தேகம் வந்தால் மீட்டரைப் போய்ப் பார்ப்பேன். கணக்கெடுக்க வருபவர் நாலு நாள் தள்ளி வந்தாலும் வரலாம் என்பதால் 460ஐ என் எல்லையாக வைத்திருக்கிறேன். போன முறை ஐம்பதாவது நாளில் 452 இருந்தது. அன்று சாயங்கால டீயைக் கேஸில் போட்டேன்.