வலைத்திரைக்கு நூறு, காது மூடிக்கு…

போன வாரம் என் ஹெல்மெட்டின் இடது காது மூடியைத் தாங்கும் கை, ஹெல்மெட் ஓட்டில் செருகும் இடத்திலேயே முறிந்துவிட்டது. புதுக் கையை மாட்டிக்கொண்டிருந்தபோது, இன்னொரு குழுவை மேற்பார்வை பார்க்கும் தம்பி ஒருவர் கூப்பிட்டார். “அண்ணே, நீங்க போடுற அந்த வலை வெச்ச ஹெல்மெட் எப்படி? எங்க பசங்களுக்கு ஆறு வாங்கணும்.” முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்ல முடியாது. நாலு நாள் ஆறப்போட்டு எழுதுகிறேன். இன்னும் முழுசாக ஆறவில்லை என்பது போகப்போகத் தெரியும்.

ஹெல்மெட், முகத்துக்குக் கம்பி வலை, இரண்டு பக்கமும் காது மூடி. பிரஷ் கட்டர் (கையில் பிடித்துப் புல் வெட்டும் இயந்திரம்) பிடிக்கும் எல்லோருக்கும் தெரிந்த செட்தான், அதை விவரிக்கப் போவதில்லை. மூன்று வருடமாகப் போடுகிறேன். மழைக்காலத்தில் புல் வளரும் வேகத்துக்கு வாரம் ஆறு நாளும் தலையில் இருக்கும்.

முதலில் வலை. இதற்கு முன்னால் வைத்திருந்தது பிளாஸ்டிக் முகத்திரை. அரை மணி நேரத்தில் மூச்சும் வியர்வையும் சேர்ந்து பனி மூடிவிடும். வெளிப்பக்கம் பச்சைச் சாறு அப்பிக்கொள்ளும், கையுறையால் துடைத்தால் கீறல் விழும். கடைசியில் திரையை மேலே தூக்கிவிட்டு வெறும் முகத்தோடு வெட்டுவோம். வலையில் அந்தத் தொல்லையே கிடையாது. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட மங்கியதில்லை. சாயங்காலம் குழாயடியில் காட்டி பழைய பல் பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்தால் புதுசு.

அது தடுப்பது எதை என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இயந்திரத்தின் தலையில் சுற்றிப் புல்லை வெட்டும் நைலான் நரம்பு 40 செ.மீ. விட்டத்தில் நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதில் அடிபடும் கூழாங்கல் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 15 மீட்டருக்குள் ஆள் வரக்கூடாது என்பது அதனால்தான். மற்றவர்கள் 15 மீட்டர் தள்ளி நிற்கலாம். பிடிக்கிறவன் ஒன்றரை மீட்டரில்தானே நிற்கிறான்! என் வலையில் வலது கண்ணுக்கு நேராக ஒரு குழி இருக்கிறது. இரண்டாவது வருடம் விழுந்தது. அன்றைக்கு வலைக்குப் பின்னால் இருந்த கண் இன்றைக்கும் நன்றாகத் தெரிகிறது. இதற்கு மேல் என்ன பாராட்டு வேண்டும்? (நரம்பு அடிக்கடி அறுகிறதென்று அந்த இடத்தில் கம்பியோ சங்கிலியோ கட்டுகிறவர்கள் இதைப் படித்தால்: இந்த வலை கல்லுக்குத்தான். அறுந்து பறக்கும் சங்கிலித் துண்டை அது தாங்காது. அப்படிப்பட்ட சங்கிலித் தலைகளை விற்கக்கூடாது என்று 2012-இல் ஐரோப்பிய ஒன்றியமே முடிவெடுத்தது.)

ஆனால் வலை என்றால் ஓட்டை. மண் துகளும் பொடிப் புல்லும் தாராளமாக உள்ளே வரும். அடியில் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. முதல் மாதம் நான் போடவில்லை. ஒரு புல் நுனி கண்ணுக்குள் போய் இரண்டு நாள் சிவந்து கிடந்த பிறகு போட ஆரம்பித்தேன். காது மூடியோடு சண்டை அங்கேதான் தொடங்கியது.

காது மூடி வேலை செய்ய வேண்டுமென்றால் அதன் மெத்தை காதைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் ஒட்ட வேண்டும். கண்ணாடியின் காம்பு நேராக அந்த மெத்தைக்கு அடியில் புகுந்து ஒரு சந்து போட்டுவிடுகிறது. சத்தத்துக்கு அந்தச் சந்து போதும். பெட்டியில் 30 டெசிபெல் குறைக்கும் என்று போட்டிருக்கிறார்கள். அது ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி போடாத, வியர்க்காத, ஒழுங்காகச் சவரம் செய்த தலைக்கு. கண்ணுக்குக் கண்ணாடி போடு, காதுக்கு மெத்தை போடு என்று ஒரே பெட்டியில் வைத்து விற்கிறவர்கள், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு மனிதத் தலையில் மாட்டிப் பார்த்திருக்க மாட்டார்களா? தட்டைக் காம்புள்ள கண்ணாடி வாங்கிய பிறகு கொஞ்சம் பரவாயில்லை. அதையும் நானேதான் தேடிக் கண்டுபிடித்தேன்.

அடுத்தது மெத்தை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு நாலே மாதத்தில் வியர்வை ஊறி வறட்டியாகிவிடும். இதில் என் தப்பும் உண்டு. இடைவேளையில் மூடியை மடக்கி ஓட்டோடு ஒட்ட வைத்துவிட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். அப்படி வைத்தால் ஈரம் காயாது, மெத்தை நசுங்கிப்போகும், கையின் ஸ்பிரிங்கும் தளரும். இதுவும் கையேட்டில் இருக்கிறது. படித்தது மூன்றாவது வருடம்.

ஆனால் என்னை நிஜமாகவே கோபப்படுத்துவது இது எதுவும் இல்லை. யாராவது வந்து பேசினால் ஒரு மூடியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். நம் எஞ்சின் அணைந்திருக்கும், சரி. பத்தடி தள்ளி இன்னொருவர் இலைகளை ஊதித் தள்ளும் ப்ளோயரை ஓட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாளில் இப்படி இருபது தடவை தூக்கினால் சேர்த்து அரை மணி நேரம் ஆகிவிடும். அரை மணிதானே என்று நானும் நினைத்தேன். எட்டு மணி நேரமும் ஒரே அளவு சத்தம் என்று வைத்துக்கொண்டால், அதில் அரை மணி திறந்திருந்தாலே 30 டெசிபெல் பாதுகாப்பு ஏறக்குறைய 12 ஆகிவிடுகிறது. பாதி நேரம் திறந்திருந்தால் வெறும் 3. நம் வேலையில் சத்தம் ஏறி இறங்கும், கணக்கு இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் ஆட்களிடம் “போட்டுட்டுத்தானே இருக்கீங்க” என்று கேட்டுவிட்டுப் போகும் மேற்பார்வையாளர்களில் நானும் ஒருவன் என்பதால் அது உறைத்தது. என் இயந்திரத்தின் கையேட்டில் ஆபரேட்டர் காதருகே 97 டெசிபெல் என்று இருக்கிறது. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் என்று தொடங்கி, ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரத்தைப் பாதியாக்கும் கணக்கில் 97-க்கு அனுமதி அரை மணிதான்.

இந்த வருடக் காதுப் பரிசோதனையில் இடது காதில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு கீழே இறங்கியிருந்தது. இரைச்சலால் காது கேட்பது குறைந்தவர்களின் வரைபடத்தில் வழக்கமாகப் பள்ளம் விழும் இடம் அது. இடது காது. மூடியின் கை தளர்ந்து, பிறகு முறிந்ததும் இடது பக்கம்தான். இதைப் பார்த்ததும் ஹெல்மெட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஆனால் இந்த ஹெல்மெட் வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வெட்டினேன். அந்தப் பள்ளத்தில் இதற்கு எவ்வளவு பங்கு, பஞ்சுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. அநியாயமாகப் பழி போட எனக்கு ஆசைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்றதெல்லாம் குறையில்லை. எடை சரி, வியர்வைப் பட்டை துவைக்க வருகிறது. ஓட்டின் நிறம் வெயிலில் வெளுத்துவிட்டது. உள்ளே அச்சடித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் பார்த்து அடுத்த வருடம் மாற்ற வேண்டும்.

தம்பியிடம் பத்துக்கு எட்டு என்றேன். “அப்போ ஆறு சொல்லிடவாண்ணே?” என்றார். வேண்டாம் என்றேன். “எட்டு குடுத்துட்டு வேண்டாங்கிறீங்களே?” ஆமாம். ஹெல்மெட் ஓடும் வலையும் மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை வாங்கு, காதுக்குச் செருகும் அடைப்பானை ஆள் ஆளுக்கு அளவு பார்த்துக் கொடு, காம்பு பற்றிய பேச்சே வராது என்றேன். மண் கையோடு அடைப்பானை உருட்டிச் செருகினால் காதில் புண் வரும் என்று உடனே திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கை கழுவத் தண்ணீர் கேன் கொண்டு போகச் சொன்னேன்.

புதுக் கை மாட்டி நாலு நாள் ஆகிறது. ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கிறது, சத்தம் நன்றாகவே அடங்குகிறது. சாயங்காலம் கழற்றினால் கண்ணாடிக் காம்பின் தடம் காதுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு போட்டிருக்கிறது.