பர்மிங்காம் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா: பல சீசன் கேட்ட பிறகு

பர்மிங்காமுக்குப் பக்கத்து ஊரான கவென்ட்ரிக்கு வேலை மாற்றலாகி வரும் நண்பர் ஒருவர், “சி.பி.எஸ்.ஓ. சீசன் சந்தா எடுக்கலாமா? போட்ட காசுக்குத் தகுமா?” என்று கேட்டிருந்தார். பல வருடமாகச் சந்தா கட்டிக் கேட்டு வருகிறேன் என்பது அவருக்குத் தெரியும். போனில் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் நடந்த ஒன்றின் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சி.பி.எஸ்.ஓ. எனப்படும் சிட்டி ஆஃப் பர்மிங்காம் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் பூர்வீகத்தை விரிவாகச் சொல்லப் போவதில்லை. 1920-இல் நகராட்சிப் பணத்தில் தொடங்கியது, அந்த நவம்பரில் இங்கிலாந்து இசையமைப்பாளர் எல்கரே வந்து தன் படைப்புகளை நடத்திக் கொடுத்தார், 1980-இல் 25 வயதில் கண்டக்டராக, அதாவது ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவராக, வந்த சைமன் ராட்டில் 18 வருடம் இருந்து உலகத்தை இந்த ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தார். இதெல்லாம் இசை கேட்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். இப்போது கஸூகி யமாதா நடத்துகிறார். அவர் மேடையில் நிற்பதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். வாசிக்கிறவர்கள் முகத்தில் அது அப்படியே திரும்பி வருவதைப் பார்க்கலாம். ஆண்ட்ரிஸ் நெல்சன்ஸ், மிர்கா கிராஷினீட்டே-டீலா என்று இதற்கு முன் இருந்தவர்களும் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் இந்த ஆர்கெஸ்ட்ராவுக்குக் கை ராசி உண்டு.

வாசிப்பில் எனக்குக் குறையே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அவர்கள் வாசிக்கும் அரங்கம். 1991-இல் திறந்த சிம்பொனி ஹால், 2,262 இருக்கை. ஒலியமைப்புக்கு ரஸ்ஸல் ஜான்சன் என்ற அமெரிக்கர் பொறுப்பு. பக்கத்திலேயே தரைக்கடியில் ரயில் சுரங்கம் போகிறது, அதன் அதிர்வு மேலே வரக்கூடாது என்று கட்டடத்தையே ரப்பர் தாங்கிகள் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். சுவருக்குப் பின்னால் பெரிய காலி அறைகள், அவற்றைத் திறந்து மூடக் கனமான கான்கிரீட் கதவுகள். எவ்வளவு திறக்கிறார்களோ அந்த அளவுக்கு நாதம் நின்று ஒலிக்கும். படிக்கும்போது இது பொறியியல் விவரம். உட்கார்ந்து கேட்கும்போது வேறு. மாலர் சிம்பொனியில் தந்தி வாத்தியங்கள் எல்லாம் தேய்ந்து தேய்ந்து, வில் நரம்பைத் தொடுகிறதா இல்லையா என்று தெரியாத இடம் வருமே, அது மேல் அடுக்கின் கடைசி வரிசை வரை வரும். ஒரே ஒரு முக்கோண மணியின் ஒலி காற்றில் கரைந்து முடிவதைக் கடைசி வரை கேட்கலாம். உலகத்தில் பல அரங்கம் பார்த்தவர்கள் இதை முதல் வரிசையில் வைக்கிறார்கள், எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் இவ்வளவு துல்லியமான அரங்கத்தில் ஒரு ஆள் கைதட்டினால் அதுவும் கடைசி வரிசை வரை கேட்கும். நான் சொல்ல வந்தது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவில் கைதட்டக் கூடாது, எல்லாம் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும் என்பது இங்கே எழுதாத விதி. போன மாதம் சாய்கோவ்ஸ்கியின் வயலின் கான்செர்டோ, வயலின் முன்னின்று ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு. முதல் பகுதி மட்டும் இருபது நிமிடத்துக்குக் கிட்ட வரும். நடுவில் வயலின் தனியாக நின்று வாசிக்கும் நீண்ட இடம், அதிலிருந்து புல்லாங்குழல் மெல்ல ராகத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு வேகம் ஏறி ஏறி, கடைசியில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து இடித்து முடிக்கும். எழுதியவரே கைதட்டச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றும். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு பையன், பத்து வயது இருக்கும், பள்ளிச் சீருடை ஸ்வெட்டரோடு அப்பாவுடன் வந்திருந்தான். முடிந்ததும் எழுந்து நின்றே தட்டினான். மேல் அடுக்கிலிருந்தும் நாலைந்து பேர் தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் முழுசாகத் திரும்பினார், உதட்டில் விரல் வைத்தார், பையனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் “உஸ்” என்றார், கைதட்டலைவிட அந்த “உஸ்” சத்தமாகக் கேட்டது. அப்பா பையனின் இரண்டு கைகளையும் பிடித்து மடியில் வைத்து, தன் கையால் மூடிக்கொண்டார். கடைசிப் பகுதி முடிந்து அரங்கமே எழுந்து ஆரவாரம் செய்தபோது அந்தப் பையன் தட்டவில்லை. இடைவேளைக்குப் பிறகு அந்த இரண்டு இருக்கையும் காலி.

இது ஒரு நாள் நடந்தது என்றால் விட்டுவிடுவேன். ஆள் மாறுகிறது, விரல் மாறுவதில்லை. புதிதாக வந்தவர் யார் என்று அந்தச் சில நொடியில் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

நான் சபாக் கச்சேரி கேட்டு வளர்ந்தவன். அங்கே ஸ்வரம் முடிந்து கோர்வை வந்து விழுந்தால் கை தானாகத் தட்டும். நல்ல சங்கதிக்கு “பலே” என்று குரல் வரும், பாடுகிறவர் அதைக் கேட்டு இன்னும் ஒரு படி மேலே போவார். தொடையில் தாளம் போடுவதை யாரும் தடுப்பதில்லை. அது வேறு மரபு, இது வேறு மரபு என்று சொல்லலாம். ஆனால் இந்த மரபும் முன்பு இப்படி இருக்கவில்லை. 1778-இல் பாரிஸில் மொட்சார்ட் தன் சிம்பொனியை அரங்கேற்றிவிட்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். முதல் பகுதியின் நடுவில் இந்த இடம் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே வைத்திருந்தாராம், வாசித்துக்கொண்டிருக்கும்போதே பெரிய கைதட்டல் எழுந்ததாம், அதே இடத்தைக் கடைசியில் மறுபடி கொண்டுவந்தாராம். சந்தோஷத்தில் நேராகப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறார். 1813-இல் வியன்னாவில் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி அரங்கேறியபோது இரண்டாவது பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லி ஜனங்கள் கேட்டு, வாசித்தார்கள். இன்றைக்கு அதே பகுதி முடிந்ததும் ஒருவர் கைதட்டினால் முறைக்கிறார்கள். யாருடைய இசையைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார்களோ, அவர்கள் கைதட்டலை விரும்பி வாங்கிக்கொண்டவர்கள்.

அந்த மௌனத்துக்கும் நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில் மூன்றாவது பகுதி வெற்றி ஊர்வலம் மாதிரி முடியும், ஆனால் அடுத்து வருவது ஒப்பாரி. இடைவெளி விடாமல் அந்தப் பள்ளத்தில் விழுந்தால்தான் அடி தெரியும். மெதுவான பகுதி முடிந்து கண்டக்டர் கையை இறக்காமல் நிற்கும் அந்த நேரமும் இசைதான், அதைக் கலைத்தால் எனக்கும் வருத்தமாக இருக்கும். கையைப் பார்த்தால் போதும், புதியவருக்கும் புரியும். பழையவர்கள் பலர் 40, 50 வருடமாக வருகிறவர்கள். ராட்டில் காலத்திலிருந்து டிக்கெட் வாங்கி இந்த ஆர்கெஸ்ட்ராவைத் தாங்கியவர்கள் அவர்கள்தான். அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அது ஒரு குழந்தையை மிரட்டும் உரிமை ஆகாது.

ஆர்கெஸ்ட்ரா மறுபக்கம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கோபம் இன்னும் கூடும். பர்மிங்காமை ஒட்டிய வெஸ்ட் பிராம்விச்சில் 2023 செப்டம்பரில் ஷயர்லேண்ட் சி.பி.எஸ்.ஓ. அகாடமி திறந்தது. ஒரு ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து உருவான அரசுப் பள்ளி என்பது பிரிட்டனில் இதுதான் முதல். வசதியான பேட்டை இல்லை அது, வெவ்வேறு நாட்டுக் குடும்பங்கள் வாழும் இடம். 1973-இல் தொடங்கிய கோரஸில், அதாவது ஆர்கெஸ்ட்ராவின் பாடகர் குழுவில், பாடுகிறவர்கள் யாரும் சம்பளத்துக்குப் பாடுவதில்லை. பகலில் வேறு வேலை, மாலையில் ஒத்திகை. அவர்களைத்தான் 1983 முதல் சைமன் ஹால்சி பயிற்சி கொடுத்து உலகத் தரத்துக்குக் கொண்டுவந்தார். அதுவும் வேண்டாம், சும்மா பாடிப் பார்க்க ஆசை என்றால் ‘சோ வோக்கல்’ என்ற ஊர்க் குழு இருக்கிறது. குரல் தேர்வு கிடையாது, நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. சத்தத்தையும் கூட்டத்தையும் தாங்க முடியாதவர்களுக்காக, எழுந்து நடமாடலாம், குரல் கொடுக்கலாம் என்ற தளர்ந்த விதிகளோடு கச்சேரி வைக்கிறார்கள். அந்த மாதிரி ஒரு கச்சேரியில் ஒரு இளைஞன் மேளம் முழங்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே முன்னும் பின்னும் ஆடினான், அவன் அம்மா முதல் தடவையாக அவனை அடக்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்குக் கிடைத்த நிறைவு வேறு எந்த மாலையிலும் கிடைக்கவில்லை.

இத்தனையும் கையில் பணம் இல்லாத காலத்தில். 2023 செப்டம்பரில் பர்மிங்காம் நகர மன்றம் கடனில் மூழ்கி, புதுச் செலவு செய்ய முடியாது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் கலை அமைப்புகளுக்கான மானியத்தை முதலில் பாதியாக, பிறகு முழுசாக நிறுத்த முடிவு செய்தார்கள். நகராட்சி பெற்ற பிள்ளை, நூறு வயது தாண்டிய பிறகு நகராட்சிப் பணம் இல்லாமல் நிற்கிறது. இனி இதைக் காப்பாற்றப் போவது டிக்கெட் வாங்கும் கைகள். அந்தக் கைகளைத்தான் மடியில் வைத்து மூடச் சொல்கிறார்கள்.

கொஞ்சம் இறுக்கத்தைத் தளர்த்தலாம் என்று ஆர்கெஸ்ட்ரா முயன்றபோது 2024-இல் பெரிய சர்ச்சை ஆனது. போனில் படம் எடுக்கலாம் என்றதும், பாடகர் இயன் பாஸ்ட்ரிட்ஜ் ஏப்ரலில் பாட்டை நடுவில் நிறுத்தி, போன்களைக் கீழே வையுங்கள் என்று கேட்டார். அதில் அவர் பக்கம்தான் நான். இருட்டில் ஒளிரும் திரை கவனத்தைத் திருடுகிறது. ஆனால் கைதட்டல் இசைக்குக் கொடுக்கும் பதில். இரண்டையும் ஒரே ஒழுங்கீனமாகப் பார்ப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, நண்பருக்கு என் பதில். வாசிப்புக்கு முழு மதிப்பெண், அரங்கத்துக்கு முழு மதிப்பெண், ஊருக்குச் செய்யும் வேலைக்கு அதற்கும் மேலே. ஆனாலும் சந்தா எடுக்க வேண்டாம். நானே அடுத்த சீசனுக்குப் புதுப்பிக்கவில்லை. சந்தா என்றால் வருடம் முழுக்க அதே இருக்கை, அதே முன்வரிசை, அதே தலைகள். அந்தப் பையனின் முகம் ஞாபகம் இருக்கும்வரை என்னால் அங்கே போய் உட்கார முடியாது.

தனித்தனியாக டிக்கெட் வாங்குங்கள். கோரஸ் பாடாத நாட்களில் மேடைக்குப் பின்னால் இருக்கும் கோரஸ் இருக்கைகளை விற்பார்கள், விலையும் குறைவு. தாளவாத்தியம் காதருகே இடிக்கும், கொம்புகள் முதுகு காட்டும், வயலின் கொஞ்சம் தள்ளிப் போகும். ஆனால் கண்டக்டரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கலாம், எப்போது முடிந்தது, எப்போது முடியவில்லை என்பது அந்த முகத்திலேயே இருக்கும். மாணவர்களும் முதல் தடவை வருகிறவர்களும் அங்கேதான் அதிகம் உட்காருகிறார்கள். மதியம் நேரம் கிடைத்தால் பெர்க்லி தெருவில் இருக்கும் சி.பி.எஸ்.ஓ. சென்டரில் ஆர்கெஸ்ட்ராக் கலைஞர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வாசிக்கும் சின்னக் கச்சேரிகளுக்குப் போங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். தட்டத் தோன்றினால் தட்டட்டும். யாராவது திரும்பிப் பார்த்தால் நீங்களும் சேர்ந்து தட்டுங்கள்.