மாத்திரையா, பேச்சா, கூட்டுப் பராமரிப்பா: நோயோடு வாழும் முதியவரின் மனச்சோர்வுக்கு எது கட்டுபடியாகும்?

பல வருடமாகச் சர்க்கரை நோயோ இதய நோயோ இருக்கும் முதியவருக்கு மனச்சோர்வும் வந்து சேர்ந்தால், பழைய நோயின் கவனிப்பும் கூடவே சரியும். மாத்திரை தவறும், நடை நிற்கும், மறுபரிசோதனை தள்ளிப்போகும். மருத்துவர் சொன்னதைப் பின்பற்றாமல் விடும் வாய்ப்பு மனச்சோர்வு உள்ள நோயாளிகளிடம் சுமார் மூன்று மடங்கு என்று 2000-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஆகவே 'வயசானால் அப்படித்தான்' என்று சும்மா விடுவதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவு மனநலக் கணக்கில் வராமல் இதய வார்டின் கணக்கில் வருவதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

விலையை மட்டும் பார்த்தால் மாத்திரையோடு எதுவும் போட்டி போட முடியாது. செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் காப்புரிமை முடிந்து மலிவாகிவிட்டவை. ஆனால் உடல் நோய் முற்றியவர்களிடம் அவை எவ்வளவு வேலை செய்கின்றன? இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு செர்ட்ராலின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வந்தது. எஸ்சிட்டாலோபிராம் ஆய்வு 2016-இல் வந்தது. இரண்டிலுமே மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலான பலன் இல்லை. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் 201 பேரிடம் செர்ட்ராலினைச் சோதித்த 2017 ஆய்வின் முடிவும் அதேதான். இதயத் தமனி நோயில் மட்டும் கதை வேறு: 2007-இல் வந்த கனடா ஆய்வில் சிட்டாலோபிராம் என்ற இதே வகை மாத்திரை பலன் தந்தது. அதே ஆய்வில் சேர்த்துக் கொடுத்த ஒருவகைப் பேச்சு சிகிச்சைதான் கூடுதலாக எதையும் தரவில்லை. மாத்திரை வீண், பேச்சு உயர்ந்தது என்று ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்பவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

பக்கவிளைவுச் செலவையும் சேர்க்க வேண்டும். இந்த வகை மாத்திரைகளால் முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம், தடுமாறி விழலாம். ஆஸ்பிரினும் எடுப்பவர் என்றால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். இதயத் துடிப்புக் கோளாறு பற்றிய அச்சத்தால் அறுபது தாண்டியவர்களுக்கு சிட்டாலோபிராம் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. ஒருமுறை இடுப்பெலும்பு முறிந்தால், பல வருட மாத்திரையில் மிச்சம் பிடித்த காசு ஒரே வாரத்தில் போய்விடும். அதற்காகக் கடும் மனச்சோர்வில், சாப்பாட்டையே நிறுத்திவிட்டவருக்கு மருந்து வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது.

பேச்சு சிகிச்சையில் காசு போவது பயிற்சி பெற்றவரின் நேரத்துக்கு. அந்த நேரத்தை மலிவாக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கோவாவில் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, லேசான அறிகுறி உள்ள, அறுபது வயது கடந்த 181 பேரை எடுத்துக்கொண்டது. சிகிச்சை தந்தவர்கள் மனநல நிபுணர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். சிக்கலைப் பிரித்துத் தீர்ப்பது, தூக்கம், சர்க்கரை போன்ற நோய்களில் தன்னைக் கவனித்துக்கொள்வது எல்லாம் அதில் கலந்திருந்தன. ஒரு வருடத்தில் முழு மனச்சோர்வுக்குப் போனவர்கள் இந்தச் சிகிச்சை பெற்ற குழுவில் 4.4 சதவீதம், பெறாத குழுவில் 14.4 சதவீதம். ஆய்வு சிறியது, அதுவும் தடுப்புக்கானது. ஆனாலும் நிபுணர் பற்றாக்குறை உள்ள எந்த நாட்டுக்கும் உதவக்கூடிய வழி.

கணினி வழிப் பேச்சு சிகிச்சை காகிதத்தில் மிக மலிவு. பிரிட்டனில் 691 பேரிடம் (எல்லோரும் முதியவர்கள் அல்ல) நடந்த 2015 ஆய்வில் அது வழக்கமான சிகிச்சையைத் தாண்டவில்லை. பலர் ஒன்றிரண்டு அமர்வோடு விட்டுவிட்டார்கள். உடற்பயிற்சியோ ஆளைப் பொறுத்தது. ஐம்பது வயது கடந்த 156 பேரிடம் 1999-இல் அது செர்ட்ராலினுக்குச் சமமாக நின்றது. முதியோர் இல்லங்களில் 2013-இல் பெரிய அளவில் முயன்றபோது பலன் ஒன்றும் கிடைக்கவில்லை.

இனி கூட்டுப் பராமரிப்பு. இதில் ஒரு நர்ஸோ உளவியலாளரோ நோயாளியை விடாமல் பின்தொடர்வார். மாத்திரையோ பேச்சு சிகிச்சையோ நோயாளி தேர்ந்தெடுப்பார். மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளில் மதிப்பெண் குறையவில்லை என்றால், பின்னணியில் இருக்கும் மனநல மருத்துவரிடம் கேட்டுச் சிகிச்சை மாற்றப்படும். அமெரிக்காவில் 'இம்பாக்ட்' என்ற பெயரில் அறுபதும் அதற்கு மேலும் வயதான 1,801 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2002-இல் முடிவு வந்தது. 12 மாதத்தில் அறிகுறி பாதியாகக் குறைந்தவர்கள் 45 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 19 சதவீதம். வழக்கமான சிகிச்சைக்காரர்களுக்கும் அதே மாத்திரைகள் கிடைத்தன என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம் மருந்து கிடைப்பதில் இல்லை, பெரும்பாலும் பின்தொடர்வதில் இருந்தது.

இம்பாக்டில் இரண்டு வருடத்தில் மனச்சோர்வில்லாத நாட்கள் ஆளுக்கு 107 கூடின. வெளிநோயாளிச் செலவு ஆளுக்கு 295 டாலர் கூடியது. இதில் சர்க்கரை நோயாளிகளை மட்டும் தனியாகப் பார்த்தபோது நாட்கள் 115 கூட, கூடுதல் செலவு வெறும் 25 டாலர். (பிழை எல்லை மிக அகலம், 25 என்பதைக் கல்லில் செதுக்க வேண்டாம்.) உடல் நோய் அதிகமுள்ளவருக்குச் செய்தால் வீண் செலவு என்ற நினைப்புக்கு இது நேர் எதிர். நான்கு வருடக் கணக்கு 551 பேரிடம் பார்க்கப்பட்டது: திட்டத்தில் இருந்தவர்களுக்கு மொத்த மருத்துவச் செலவு ஆளுக்கு 29,422 டாலர், மற்றவர்களுக்கு 32,785. திட்டத்துக்கு ஆன செலவு ஆளுக்கு 522 டாலர்தான். இந்த மிச்சமும் உறுதியானதல்ல, 87 சதவீத வாய்ப்பு என்றே ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

ஒரு குறை: மனம் தேறியும் அந்தச் சர்க்கரை நோயாளிகளின் ரத்தச் சர்க்கரை அளவு மாறவில்லை. அதனால் அப்புறம் வந்த 'டீம்கேர்' திட்டத்தில் அதே நர்ஸ் மனச்சோர்வோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தார். 214 பேர்தான், வயதும் சற்றுக் குறைவு. மூன்று அளவுகளும் இறங்கின, இரண்டு வருடத்தில் மனச்சோர்வில்லாத நாட்கள் 114 கூடின, வெளிநோயாளிச் செலவு ஆளுக்கு சுமார் 594 டாலர் குறைந்தது. பிரிட்டனில் இதேபோல் 387 பேரிடம் செய்தபோது பலன் இருந்தது, ஆனால் சிறியது.

என் தேர்வு டீம்கேர் வழிதான். ஆனால் நர்ஸின் சம்பளத்தை ஆரம்ப சுகாதார மையம் தர, மிச்சம் பெரிய மருத்துவமனைக்கோ காப்பீட்டுக்கோ போனால் திட்டம் இரண்டாம் வருடமே படுத்துவிடும். இரண்டும் ஒரே கஜானாவாக இருக்கும் இடத்தில்தான் நிலைக்கும். நர்ஸ் வைக்கவே வழியில்லாத இடத்தில், பயிற்சி பெற்ற சாதாரண ஆளை வைத்துத் தொடங்குவேன். பின்தொடர ஆள் இல்லாமல் கேள்வித்தாளை மட்டும் எல்லோருக்கும் கொடுத்து மனச்சோர்வைக் 'கண்டுபிடிக்கும்' திட்டத்துக்கு ஒரு காசும் ஒதுக்கமாட்டேன்.