சிறிய பந்தய டேபிள்களில் போக்கர்டிராக்கர் 4: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

போக்கர்டிராக்கர் 4 என்பது இணையத்தில் நாம் ஆடும் போக்கர் ஹேண்ட்களை (சீட்டு பிரிப்பது முதல் பணம் கைமாறுவது வரையிலான ஒவ்வொரு ஆட்டத்தையும்) சேமித்து எண்ணிக் காட்டும் மென்பொருள். பெரும்பாலோர் இதை ஹட்டுக்காகத்தான், அதாவது ஆடும்போதே டேபிள் மேல் எண் காட்டும் பகுதிக்காக, வாங்குகிறார்கள். எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் எண்கள் தெரியும், அதைப் பார்த்து ஆடினால் ஜெயிக்கலாம் என்ற நினைப்பு. லட்சக்கணக்கான ஹேண்ட்கள் ஏறிய பிறகு பார்த்தால், ஆட்டத்தைத் திருத்தியது ஹட் இல்லை. ஆடி முடித்தபின் ஃபில்டர் போட்டு (ஒரு வகை ஹேண்ட்களை மட்டும் பிரித்தெடுத்து), நம் ஹேண்ட்களை நாமே உட்கார்ந்து பார்த்ததுதான் திருத்தியது. அதனால் இங்கே ஹட்டைப் பற்றிக் கொஞ்சமும் ஃபில்டரைப் பற்றி நிறையவும் இருக்கும். பணம் வைத்து இணையத்தில் போக்கர் ஆடச் சட்டம் இடம் தரும் நாட்டில் இருப்பவர்களுக்கே இது.

முதலில் நிறுவும் வேலை. டிராக்கர் எல்லா ஹேண்ட்களையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேமிக்கிறது. ஆடும் தளத்தின் அமைப்புக்குள் போய் ஹேண்ட் ஹிஸ்டரியை (ஆடிய ஹேண்ட்களின் பதிவை) கணினியில் சேமிக்கச் சொல்ல வேண்டும், அதன் மொழியை ஆங்கிலமாக வைக்க வேண்டும். வேறு மொழியில் இருந்தால் டிராக்கரால் படிக்க முடியாது. “ஒரு ஹேண்டும் ஏறவில்லை” என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். எல்லாத் தளமும் ஹட்டை அனுமதிப்பதும் இல்லை. பார்ட்டிபோக்கர் 2019-இலேயே அதை நிறுத்திவிட்டது. வாங்கும் முன் ஆடப்போகும் தளத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

ஹட்டில் நான்கைந்து எண்ணுக்கு மேல் வைக்காதீர்கள். எத்தனை சதவீத ஹேண்டில் தானாகப் பணம் போடுகிறார் (விபிஐபி), எத்தனை சதவீதத்தில் பிளாப்புக்கு (பொதுவில் விரிக்கும் முதல் மூன்று சீட்டுக்கு) முன் ரெய்ஸ் செய்கிறார், அதாவது பந்தயத்தை ஏற்றுகிறார் (பிஎஃப்ஆர்), 3-பெட் (ஒருவரின் ரெய்ஸுக்கு மேல் மறுபடி ரெய்ஸ் செய்வது) எவ்வளவு, மொத்தம் எத்தனை ஹேண்ட் பார்த்திருக்கிறோம், இவை போதும். ஆறு பேர் டேபிளில் 24/20 (விபிஐபி/பிஎஃப்ஆர்) என்று தெரிந்தால் ஒழுங்காக ஆடுகிறவர். 45/8 என்றால் பாதி ஹேண்டுக்குப் பக்கத்தில் உள்ளே வருகிறார், ஆனால் ரெய்ஸ் செய்வதே அபூர்வம். அவரிடம் ப்ளஃப் (நல்ல சீட்டு இல்லாமல் மிரட்டும் பந்தயம்) வேண்டாம். நல்ல ஹேண்ட் வந்தால் மூன்று தெருவிலும் (பிளாப், நான்காவது சீட்டான டர்ன், ஐந்தாவதான ரிவர்) பெரிதாகப் பந்தயம் கட்டுங்கள், கால் செய்வார், அதாவது அதே தொகையைப் போட்டுத் தொடர்வார். அவரே ரெய்ஸ் செய்தால் டாப் பேரை (பொதுச் சீட்டுகளில் பெரியதோடு சேரும் ஜோடியை) தயங்காமல் மடியுங்கள், அதாவது ஃபோல்ட் செய்து ஹேண்டை விட்டுவிடுங்கள்.

தவறு நடப்பது எண்ணிக்கையில்தான். 100 ஹேண்டில் ஒருவரின் விபிஐபி 25 என்று காட்டினால், உண்மை அதற்கு 8 புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். 3-பெட்டுக்கு வாய்ப்பே குறைவாகத்தான் வரும் என்பதால் அதற்கு இன்னும் நிறைய ஹேண்ட் வேண்டும். ‘ரிவர் பந்தயத்துக்கு ஃபோல்ட்’ மாதிரி எண்ணைச் சிறிய பந்தய டேபிளில் நம்பவே கூடாது. ஒருவரிடம் அதற்கான வாய்ப்பு மூன்று முறை வந்திருக்கும், மூன்றிலும் மடித்திருப்பார், ஹட் 100 என்று காட்டும். அதை நம்பி ப்ளஃப் செய்து ஸ்டேக்கை (டேபிளில் உள்ள தம் மொத்தப் பணத்தை) தொலைப்பவர்கள் நிறையப் பேர்.

இனி ஃபில்டர். 20,000 ஹேண்ட் சேர்ந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பொசிஷன்வாரியான (எந்த இருக்கையில் இருந்து ஆடினோம் என்ற) கணக்கு. ஒவ்வொரு ஹேண்டிலும் சீட்டு வரும் முன்பே ஒருவர் முழுக் கட்டாயத் தொகையையும் (பிக் பிளைண்ட்), இன்னொருவர் அதில் பாதியையும் (ஸ்மால் பிளைண்ட்) போட்டாக வேண்டும். இதை வைத்து ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. பிக் பிளைண்டில் வந்த எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஃபோல்ட் செய்தால் 100 ஹேண்டுக்கு 100 பிக் பிளைண்ட் நஷ்டம். ஸ்மால் பிளைண்டில் 50. இந்த இரண்டு இடத்திலும் யாரும் நீண்ட காலத்தில் லாபம் பார்ப்பதில்லை, நஷ்டத்தைக் குறைப்பதுதான் வேலை. பிக் பிளைண்டில் இழப்பு 40 பக்கம் நின்றால் நல்ல ஆட்டம். ஸ்மால் பிளைண்டில் 50-ஐத் தாண்டியிருந்தால், ஆடாமலே இருந்ததைவிட அதிகம் இழக்கிறோம் என்று பொருள். புதியவர்களின் கணக்கில் இது அடிக்கடி கண்ணில் படும்.

காரணம் எதிராளியின் ரெய்ஸுக்கு ஸ்மால் பிளைண்டிலிருந்து செய்யும் வெறும் கால். பாதிப் பணம் ஏற்கனவே உள்ளே இருக்கிறதே என்று ராஜா-10, ஏஸ்-6 போன்றவற்றைக் கால் செய்கிறோம். கடைசி வரை முதலில் பேச வேண்டியது நாம்தான். பின்னால் பிக் பிளைண்ட் வேறு ரெய்ஸ் செய்யக் காத்திருக்கிறார். பிளாப் வந்துவிட்டால் ரேக்கும் (பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பணத்தில், தளம் எடுக்கும் பங்கு) பிடிப்பார்கள். பெரும்பாலான தளங்களில் பிளாப் வராத பாட்டுக்கு ரேக் கிடையாது. வந்தால் 5 சதவீதம் சாதாரணம், 20 பிக் பிளைண்ட் பாட் என்றால் ஒரு முழு பிக் பிளைண்ட் போய்விடும். ஆகவே ஸ்மால் பிளைண்டில் 3-பெட் அல்லது ஃபோல்ட், நடுவில் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே 2.5 பிக் பிளைண்ட் ரெய்ஸ் என்றால் 10 அல்லது 11-க்கு ஏற்றுங்கள். இந்த ஒரு திருத்தமே அந்த இடத்தின் இழப்பைக் கண்கூடாகக் குறைக்கும்.

பிக் பிளைண்டில் நிலைமை வேறு. பட்டனிலிருந்து (பிளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசும் இருக்கையிலிருந்து) 2.5 ரெய்ஸ் வந்து ஸ்மால் பிளைண்ட் மடித்தால், 4 இருக்கும் பாட்டுக்கு 1.5 போட்டால் போதும், அதாவது 27 சதவீத ஜெய வாய்ப்பு இருந்தாலே கால் சரி. ரெய்ஸ் 3 என்றால் அது 31-க்கு ஏறுகிறது. அந்த அரை பிளைண்ட் வித்தியாசத்துக்கே வலுவில்லாத ஹேண்ட்களைக் கழித்துவிட வேண்டும்.

இரண்டாவது ஃபில்டருக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்: ரிவரில் நாம் பந்தயம் கட்டி, எதிராளி ரெய்ஸ் செய்து, நாம் கால் செய்த ஹேண்ட்கள். ஒரு மாதிரி பாருங்கள் (தொகையெல்லாம் பிக் பிளைண்ட் கணக்கில்). பட்டனில் ஏஸ்-ராணி, ரெய்ஸ் 2.5, பிக் பிளைண்ட் கால். பாட் 5.5. பிளாப் ராணி-8-4, மூன்றும் மூன்று சூட் (ஹார்ட், ஸ்பேட் போன்ற இனம்). பந்தயம் 2, கால். டர்ன் 7, நான்காவது சூட். பந்தயம் 6, கால். பாட் 21.5. ரிவர் 2. பந்தயம் 12, அவர் 40-க்கு ரெய்ஸ். இப்போது 73.5-க்கு 28 போட வேண்டும், தேவை சுமார் 27.6 சதவீதம்.

நம்மை வெல்லும் எத்தனை சீட்டுச் சேர்க்கைகள் அவரிடம் இருக்கலாம் என்று எண்ணுவோம். 8, 7, 4 செட்கள் (கையில் ஜோடி, போர்டில் அதே எண்ணின் மூன்றாவது சீட்டு) தலா 3, ஆக 9 சேர்க்கை. ஒரே சூட்டில் ராணியோடு 8, 7, 4 சேர்ந்த இரண்டு ஜோடி, நம் கையிலும் போர்டிலும் உள்ள சீட்டுகளைக் கழித்தால் சுமார் 4. ஒரே சூட் 6-5, டர்னிலேயே ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு), 4. மொத்தம் 17. தவறிப்போன டிரா (ஸ்ட்ரெய்ட்டுக்கு வேண்டிய சீட்டு கடைசிவரை வராத கை) என்று பார்த்தால் ஒரே சூட் 10-9, ஜாக்-10, இரண்டும் சேர்ந்து 8. கால் சரியாக வேண்டுமானால் அந்த 8-இல் குறைந்தது 7 சேர்க்கையை அவர் ரெய்ஸ் செய்திருக்க வேண்டும். சிறிய டேபிளில் தவறிய டிராவை வைத்துக்கொண்டு ரிவரில் ரெய்ஸ் செய்கிறவர்கள் மிகக் குறைவு, பேசாமல் மடித்துவிடுவார்கள். ஆகவே ஃபோல்ட்.

இப்படிப்பட்ட 30 ஹேண்டை ஒரே மூச்சில் பார்த்தால் கை தானாக ஃபோல்ட் பக்கம் போகப் பழகும். பார்க்கும்போது எதிராளியின் சீட்டு திரையில் தெரியாதபடி முதலில் மறைத்துவையுங்கள். முடிவு தெரிந்தபின் செய்யும் கணக்கு நமக்குச் சாதகமாகவே சாயும்.

டிராக்கர் காட்டும் லாப வரைபடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பச்சைக் கோடு மொத்தம், நீலம் சீட்டு காட்டி ஜெயித்தது, சிவப்பு சீட்டு காட்டாமல் வந்தது. சிவப்பு கீழே இறங்குவதைப் பார்த்துப் பதறி, அதை நிமிர்த்த ப்ளஃப் செய்யத் தொடங்குகிறார்கள். கால் செய்யும் கூட்டம் நிறைந்த டேபிளில் சிவப்பு இறங்குவது இயல்பு, லாபம் நீலத்தில்தான் வரும். ஆல்-இன் (மொத்தப் பணத்தையும் போட்டுவிடுவது) எதிர்பார்ப்புக் கோடும் முழு அதிர்ஷ்டத்தையும் கழித்துக் காட்டுவதில்லை. ரிவருக்கு முன் ஆல்-இன் ஆன ஹேண்ட்களை மட்டுமே அது சரிக்கட்டுகிறது.

ஜெய விகிதத்தை எப்போது நம்பலாம்? ஆறு பேர் டேபிளில் 100 ஹேண்டுக்கு ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 80 முதல் 100 பிக் பிளைண்ட். 90 என்று வைத்தால், 10,000 ஹேண்டில் வரும் எண் உண்மையிலிருந்து 18 வரை விலகி நிற்கலாம். 1,00,000 ஹேண்டிலும் கிட்டத்தட்ட 6 விலகும். ஒரு மாத எண்ணைப் பார்த்து மேல் டேபிளுக்கு ஏறுவதும், துவண்டு போவதும் இரண்டுமே தவறு. 40 பை-இன் (ஒரு டேபிளில் உட்காரும்போது கொண்டுவரும் தொகை) கையிருப்பு சேர்ந்தபின் ஏறுங்கள். அதில் 10 போனால் மனம் கோணாமல் இறங்கிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. தரவுத்தளம் பெரிதானால் அறிக்கை திறக்க நேரம் எடுக்கும். மாதம் ஒருமுறை அதிலுள்ள சுத்தம் செய்யும் வேலையை ஓடவிட்டால் வேகம் திரும்பும். ஃபில்டர் பெட்டிகள் குழப்பமானவை, ‘வாய்ப்பு இருந்தது’ என்பதையும் ‘செய்தது’ என்பதையும் மாற்றித் தேர்ந்தால் வரும் எண் தலைகீழாக இருக்கும். ஃபில்டர் போட்டதும் ஐந்து ஹேண்டைத் திறந்து, கேட்டதுதான் வந்திருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அமர்வு நீளத்தை வைத்து லாப நஷ்டத்தைப் பிரித்துப் பாருங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தைத் தனியாகவும், அதற்குப் பிந்தியதைத் தனியாகவும். விபிஐபி பின்பாதியில் 3, 4 புள்ளி ஏறியிருந்தால், களைப்பில் தளர்ந்து ஆடுகிறீர்கள். ஒன்றரை மணிக்கு அலாரம் வைத்துவிட்டு, அது அடித்ததும் பிக் பிளைண்ட் வருவதற்கு முன் எழுந்துவிடுங்கள்.