கடைசித் தாள் கீறிப்போச்சா டீச்சர்?

லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ நாவலை என்னிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகளில் முதலில் முடித்தது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன். முடித்த கையோடு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டதுதான் மேலே இருக்கிற கேள்வி. நான் வாங்கியதெல்லாம் பழைய பிரதிகள், ஒன்றில் அட்டையே தனியாகக் கழன்றுவிட்டது, அதனால் அவன் சந்தேகப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் தாள் எதுவும் போகவில்லை. கதை அப்படித்தான் முடிகிறது.

கன்னியாகுமரி மாவட்டம் நித்திரவிளையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மே மாதம் முழுக்க இதுதான் நடந்தது. ஐந்து பிள்ளைகள், மூன்று பிரதிகள். பாடப்புத்தகம் தவிர வேறு ஆங்கிலம் தொடாதவர்கள். 23 அத்தியாயம், 200 பக்கத்தைச் சுற்றி, வாக்கியமெல்லாம் எளிமை. 1993இல் வந்த நாவல், மறு வருஷம் சிறுவர் நூல்களுக்கான அமெரிக்காவின் நியூபெரி விருது வாங்கியது. விருது என்றதும் பிள்ளைகள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

ஜோனஸ் என்ற பையனின் ஊரில் பசி கிடையாது, சண்டை கிடையாது. குடும்பம் என்பது மனுப் போட்டு வாங்குவது. ஜோடி சேர்த்து வைப்பது ஒரு குழு. அப்புறம் மனுப் போட்டால் ஆண் ஒன்று, பெண் ஒன்று, அதோடு சரி. பெற்றவள் யாரோ. பிள்ளைகள் வளர்ந்ததும் பெற்றவர்களாக இருந்தவர்களின் வேலை முடிந்துவிடும், தாத்தா பாட்டி என்ற உறவே இல்லை. “அப்போ லீவுக்கு எங்கே போவாங்க?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்த ஊரின் பழைய நினைவுகள் மொத்தமும் ஒரே ஒரு கிழவரிடம் இருக்கின்றன. அவற்றை வாங்கிக்கொள்ள 12 வயது ஜோனஸை அனுப்புகிறார்கள்.

அவனுக்குக் கிடைக்கிற முதல் நினைவு பனிமலையில் சறுக்குவண்டியில் போவது. பனியைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்ல என்று நான் யோசிக்கும் முன்பே, “கமுகம்பாளையில இருத்தி இழுக்கிற மாதிரி, ஆனா மேல இருந்து கீழ” என்று ஒருத்தன் மற்றவர்களுக்கு விளக்கிவிட்டான். மாட்டிக்கொண்டது ‘ரிலீஸ்’ என்ற சொல்லில்தான். வயசானவர்களையும் தப்புச் செய்தவர்களையும் ஊரைவிட்டு அனுப்பிவைப்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற பெயர் அது. “படம் ரிலீஸா டீச்சர்?” என்று முதல் வாரம் ஒரே சிரிப்பு. 19ஆம் அத்தியாயத்தில் ஜோனஸின் அப்பா செய்கிற காரியத்தைப் படித்த அன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. வைத்த சாயா அப்படியே ஆறிக் கிடந்தது. 12 வயசுக்குக் கீழே இந்தப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னோர் இடம். என்மேல் பாசம் உண்டா என்று ஜோனஸ் அப்பா அம்மாவிடம் கேட்கிறான். அவர்கள் சிரித்துவிட்டு, அர்த்தம் தேய்ந்துபோன சொல்லையெல்லாம் சொல்லாதே, சரியான வார்த்தையைச் சொல்லு என்று திருத்துகிறார்கள். எனக்கு அது குரூரமாகப் பட்டது. பிள்ளைகள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. “நானும் எங்க அப்பாட்ட இதைக் கேட்டதே இல்ல டீச்சர்,” என்றாள் ஒருத்தி. வாயே திறக்காத பிள்ளை அவள்.

வலி தரும் நினைவை ஒழித்துக்கட்டியது நல்லதா கெட்டதா என்று கடைசி வாரம் பெரிய வாக்குவாதம். நல்லதுதான், பரீட்சை மார்க்கையும் சேர்த்து மறந்துவிடலாம் என்றது ஒரு கட்சி. தூத்தூர் பக்கத்துக் கடற்கரைப் பையன் அதுவரை சும்மா இருந்தான். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்தபோது அவனுக்கு ஏழு வயது. கடலுக்குப் போன மாமா திரும்பவில்லை. அவன் சொன்னது: “வேண்டாம்னு நினைச்சது தப்பில்ல டீச்சர். எல்லாத்தையும் ஒரே ஆளு தலையில கெட்டி வச்சதுதான் தப்பு. எங்க ஊர்ல எல்லாருக்கும் பங்கு உண்டு.” கதையின் முடிச்சே அதுதான். நான் இரண்டு தடவை வாசித்தும் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்திருக்காது.

முதுமையில் நினைவு மங்கிய தன் அப்பா, மூத்த மகள் இறந்துபோனதையே மறந்துவிட்டதும் இந்தக் கதைக்கு ஒரு விதை என்று லோரி சொல்லியிருக்கிறார். இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லாதது நல்லதாகப் போயிற்று, சொல்லியிருந்தால் அனுதாபத்தோடு வாசித்திருப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. அம்மா பாத்திரம் நிழல் மாதிரி வந்து போகிறது. அவ்வளவு நேரம் நிதானமாக நடந்த கதை கடைசியில் மூச்சிரைக்க ஓடுகிறது. அந்த ஊரில் இதெல்லாம் எப்படிச் சாத்தியமாயிற்று என்று கணக்குப் பார்க்கிற பிள்ளைக்கு எரிச்சல் வரும், எங்கள் கூட்டத்தில் ஒருத்திக்கு வந்தது. ஜோனஸ் கடைசியில் என்ன ஆனான் என்பதற்கு, பின்னால் வந்த மூன்று நாவல்களில் விடை இருக்கிறது, அவற்றில் கடைசி 2012இல் வந்தது. நான் சொல்லவில்லை.

தாள் தேடின பையனுக்கு அதுவரை பொறுக்கவில்லை. ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மிச்சக் கதையைத் தமிழில் எழுதி, கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் பசை வைத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறான். புத்தகத்தைக் கெடுத்துவிட்டானே என்று முதலில் சத்தம் போட்டேன். மலைக்குக் கீழே விளக்கு எரிகிற வீட்டில் ஜோனஸுக்கு மரச்சீனிக் கிழங்கும் மத்திக் கறியும் கிடைக்கிறது, பரிமாறுவது ஒரு பாட்டி.