அப்பாவின் தொடைத் தசைக்கு எந்த டப்பா?

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் தினமும் நான்கு சுற்று நடப்பவர் அப்பா. 72 வயது, 60 கிலோ. ஆனாலும் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றாமல் அவரால் எழ முடியவில்லை. நடை நெஞ்சுக்கு நல்லது, தசைக்கு அது மட்டும் போதாது என்பது அப்போதுதான் உறைத்தது.

முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் வேண்டும். அப்பாவுக்கு 60 முதல் 72 கிராம். காலையில் அவர் சாப்பிடும் மூன்று இட்லியும் சாம்பாரும் சேர்ந்தே 10 கிராம்தான் தேறும். வயதான தசையோ ஒரே வேளையில் 25 கிராம் அளவுக்குக் கிடைத்தால்தான் நன்றாக அசைந்து கொடுக்கும். காலை உணவில் விழும் இந்தப் புரதப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

முட்டை சாப்பிடும் வீடு என்றால் புரதப் பொடி டப்பாவே வேண்டாம் என்பேன். மூன்று முட்டையும் ஒரு டம்ளர் பாலும் போதும். எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. சுண்டல் நல்லதுதான், ஆனால் 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் 9 கிராம் புரதமே உண்டு. அதற்கு மேல் அப்பாவின் வயிறு தாங்காது.

ஆகவே, பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் ‘வே’ (whey) புரதப் பொடி. தசை கட்டுமானத்தைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் இதில் அதிகம். அம்மா முதல் நாள் கொதிக்கும் பாலில் கொட்டிவிட்டார்; டம்ளர் முழுக்கக் கட்டி கட்டியாகத் திரண்டு நின்றது. இப்போது ஆறிய பாலில் முதலில் கொஞ்சமாகக் குழைத்து, பிறகு மீதியை ஊற்றுகிறார். முதியோருக்கென்றே விற்கும் இனிப்பு மாவுகளை வாங்குமுன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் புரதத்தைவிட மாவுச்சத்தும் சர்க்கரையுமே மிகுதி.

தோலிலும் எலும்பிலும் உள்ள புரதமான கொலாஜனைத் தசைக்காக வாங்காதீர்கள். அதில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அறவே இல்லை, லியூசினும் குறைவு. லியூசினிலிருந்து உடலில் உருவாகும் எச்எம்பி (HMB) என்ற பொருளும் டப்பாவில் வருகிறது; அது படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஓரளவு உதவலாம். நடமாடுபவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

தசைக்கு உடனடி ஆற்றல் தர உதவும் கிரியேட்டினுக்கு இரண்டாம் இடம் தருவேன். தினம் 3 முதல் 5 கிராம். ஆனால் தசைக்கு வேலை கொடுத்தால்தான் பலன். அப்பா காலையும் மாலையும் நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுகிறார், முதல் ஐந்து கைப்பிடியோடு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொடக் கூடாது. கிரியேட்டின் எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; சிறுநீரகம் நன்றாக இருந்தாலும், அதன் நிலையை அறியப் பார்க்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும்.