18,500 ரூபாய்க்கு என் பழைய திராட்டில் பாடியை எனக்கே விற்றார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். திராட்டில் பாடி என்பது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பாகம். போன வாரம் மதுரவாயல் பைபாஸில் எஞ்சின் லைட் எரிந்தது. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தாலும் வண்டி ஊர்ந்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய் சர்வீஸ் செய்து தரும் ஆப் ஒன்றில் புக் செய்தேன்.

கேரேஜ் பையன் அவ்வளவு மரியாதை. ஸ்கேனரை மாட்டி டேப்லெட்டை என் பக்கம் திருப்பினான்: பி2135 என்ற கோளாறு எண். "ரெண்டு சென்சாரும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல சார். திராட்டில் மோட்டாரோட ஒரே செட்டு, முழுசா மாத்தணும்." திராட்டிலுக்குள் விரலை விட்டுக் கரியைத் துடைத்து முகத்துக்கு நேரே நீட்டினான். அந்தக் கரியில் விழுந்துவிட்டேன். எந்த வண்டியில்தான் கரி இல்லை! ஜிபேயில் 18,500. பழைய பார்ட் எங்கே என்றதற்கு, "எக்ஸ்சேஞ்ச் சார், கம்பெனிக்குப் போயிடும்." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அப்பாவின் 1996 மாருதி 800-இல் பெடலுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே ஒரு கேபிள்தான். அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், ரோட்டோரத்திலேயே மாட்டிவிடலாம். இப்போது பெடல் ஒரு சென்சார், அது ஈசியூவிடம் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) சொல்ல, ஈசியூ மோட்டாரைத் திருப்ப, திரும்பியதா என்று பார்க்க இன்னும் இரண்டு சென்சார். க்ரூஸ் கன்ட்ரோலுக்கும் புகைக் கட்டுப்பாட்டுக்கும் இது வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் கெட்டது எது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேனர் வைத்திருப்பவன் சொன்னதுதான் சட்டம்.

நான்காம் நாள் அதே லைட். கேரேஜுக்குப் போன் செய்தால் "ஆப்ல கம்ப்ளைன்ட் போடுங்க சார்." ஆப்பில் "48 மணி நேரத்தில் எங்கள் குழு தொடர்புகொள்ளும்." குழுவிலிருந்து ஒரு பெண் பேசினார்: எலக்ட்ரிக்கல் பார்ட்டுக்கு வாரன்டி இல்லையாம், கேரேஜிடமே பேசிக்கொள்ள வேண்டுமாம். மறுபடி கேரேஜ். இந்த முறை போனையே எடுக்கவில்லை. 18,500 ரூபாய்!

கடைசியில் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ஸ்கேனரைத் தேடவே இல்லை. திராட்டிலுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றினார். ஒரு பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஸ்ப்ரே அடித்துத் துடைத்து, தளர்ந்திருந்த பின்னை ஊசியால் நெம்பி இறுக்கி மாட்டினார். 350 ரூபாய். கேரேஜில் கழற்றி மாட்டிய அசைவில்தான் மூன்று நாள் ஓடியிருக்கிறது என்றார்.

அப்புறம் கேட்டார்: "புதுசு போட்டாங்கன்னீங்களே, எங்க சார் புதுசு?" போன வருஷம் இன்ஷூரன்ஸுக்கு பானெட்டைத் திறந்து எடுத்த போட்டோவை போனில் தேடிப் பெரிதாக்கிப் பார்த்தோம். மோட்டார் மூடியில் பாதி கிழிந்த பார்கோடு ஸ்டிக்கர். வண்டியிலும் அதே ஸ்டிக்கர், அதே கிழிசல். கழுவிப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. ஸ்கேனர் காட்டும் கோளாறு எண் எங்கே பார்க்கலாம் என்றுதான் சொல்லும், எதை மாற்று என்று சொல்லாது. முதலில் கனெக்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய பார்ட் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். பில்லில் பார்ட் நம்பர் இருக்கிறதா பாருங்கள்; என் பில்லில் "திராட்டில் செட் - 1" என்று மட்டும்தான் இருக்கிறது.